சங்கம் பட்டறைக்கு வரட்டும்

தொழிற்சங்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெரிய ஆலையின் வாசலும் அங்கே பறக்கும் கொடியும்தான். 1918 ஏப்ரலில் பி.பி.வாடியா தலைமையில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை நம்பி எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போன காலம் அது.

ஆனால் இன்று? வெள்ளானூரிலிருந்து காலையில் ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர் பக்கம் கிளம்புகிறவர்களில் பலர் எட்டுப் பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்குப் போகிறார்கள். பத்துப் பேர் இல்லையென்றால் பொதுவாக இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. இருபது பேர் இல்லையென்றால் பி.எஃப். கட்டாயமில்லை. சரி, சங்கம் வைக்கலாம் என்றால் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, எட்டில் ஏழு பேர் கையெழுத்துப் போடுவது நடக்கிற காரியமா?

இதற்கு ஒரு வழி வட்டாரக் குழு. பட்டறைக்கு ஒரு சங்கம் தேவையில்லை. இன்ஜினியரிங் தொழில் முழுவதற்கும் ஒரு சங்கம், அதற்குள் பகுதிவாரியாகக் குழுக்கள். அந்தத் தொழிலில் 100 பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. அந்த 100 பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியதில்லை. பட்டறை மாறினாலும் உறுப்பினர் பதவி போகாது என்பது இன்னொரு லாபம்.

இது புதுமையும் அல்ல. ஜெர்மனியின் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால், நாட்டை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டார அளவிலேயே சம்பள ஒப்பந்தம் பேசுகிறது.

இங்கே அது அவ்வளவு சுலபமில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பேச்சுவார்த்தை உரிமையை நிறுவனவாரியாகத்தான் கணக்கிடுகிறது. ஆனாலும் குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம், விபத்து இழப்பீடு ஆகியவற்றுக்காகத் தொழிலாளர் துறையின் கதவைத் தட்ட வட்டாரக் குழுவால் முடியும். தனி ஆளாகப் போனால் அடுத்த நாள் வேலை இருக்காது!

"வட்டாரத்துக்கு ஒரு குழு வைத்தால் சங்கம் உடைந்துவிடும்" என்ற பயம் சிலருக்கு உண்டு. உண்மையில் சங்கத்தை உடைப்பது குழு அல்ல, வேலையில்லாத குழு. சந்தா வசூலித்துத் தலைமைக்கு அனுப்புவதும், மாநாட்டுக்கு ஆள் திரட்டுவதும் மட்டுமே அதன் கடமை என்றால் யார் சேருவார்கள்? வசூலான சந்தாவில் ஒரு பங்கு வட்டாரத்திலேயே இருக்க வேண்டும். வரவு செலவை மாதாமாதம் உறுப்பினர்களிடம் காட்ட வேண்டும். பொறுப்பாளர்களை மேலிருந்து நியமிக்காமல், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்களுக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் அதில் இடம் வேண்டும்.

இவற்றைத் தர மறுக்கும் சங்கம், எட்டுப் பேர் பட்டறையில் இருப்பவர் ஏன் சேரவில்லை என்று கேட்க முடியுமா?