குடியை நிறுத்தத் துணை வேண்டும்

கார்த்திகை மாதம் பிறக்கிறது. ஒருவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். அதுவரை தினமும் குடித்தவர் அவர். மாலை கழுத்தில் ஏறியதும் ஒரு சொட்டுக்கூடத் தொடுவது இல்லை. விடியற்காலையில் குளிக்கிறார். இரவில் பஜனைக்குப் போகிறார். சம்பளம் அப்படியே வீட்டுக்கு வருகிறது.

"இனி நமக்கு நல்ல காலம்தான்" என்று மனைவி மகிழ்ந்து போகிறாள்.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிறார். அன்று இரவே தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புகிறார்!

இப்படி ஒரு வீடு உங்கள் தெருவிலும் இருக்கலாம். "ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தவருக்கு அதற்குப் பிறகு இருக்க முடியாதா? திமிர்தானே!" என்று ஊர் பேசும்.

நான் வேறு விதமாகக் கேட்கிறேன். அந்த ஒரு மண்டலம் மட்டும் அவரால் எப்படி இருக்க முடிந்தது?

பக்தி ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாட்களில் அவர் தனியாக இல்லை. அவரைப் போலவே மாலை போட்டவர்கள் சுற்றி இருந்தார்கள். பல தடவை மலைக்குப் போய்வந்த குருசாமி வழிகாட்டினார். குடிக்கக் கூப்பிடும் நண்பன்கூட "சாமி" என்று சொல்லி ஒதுங்கி நின்றான்.

மாலையைக் கழற்றியதும் கூட்டம் கலைந்தது. அவர் தனி ஆள் ஆனார். குடி வந்து ஒட்டிக்கொண்டது.

ஆகவே குடியை நிறுத்தச் சத்தியம் மட்டும் போதாது. துணை வேண்டும். ஆண்டு முழுவதும் கலையாத துணை வேண்டும்.

இரண்டு குடிகாரர்கள்

இந்த உண்மையை அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் கண்டார்கள்.

ஒருவர் பில் வில்சன். நியூயார்க்கில் பங்கு வியாபாரத்தில் இருந்தவர். 1935-ம் ஆண்டு மே மாதம் தொழில் விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். போன காரியம் கைகூடவில்லை. அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றார். மதுக்கடைப் பக்கம் சிரிப்பும் பேச்சும் கேட்டன. கால் அங்கே இழுத்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? டெலிபோனை எடுத்தார். தன்னைப் போலக் குடியால் தவிக்கும் ஒருவரைத் தேடினார்.

கிடைத்தவர் ஒரு டாக்டர்! பெயர் பாப் சுமித். "15 நிமிடம்தான் இருப்பேன்" என்ற எண்ணத்தோடு வந்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டு இருந்தார்கள். வில்சன் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். அடுத்த மாதமே டாக்டர் குடியை நிறுத்தினார். 1950-ல் இறக்கும்வரை தொடவில்லை.

அவர்கள் தொடங்கியதுதான் "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்". "பெயர் சொல்லாத குடிநோயாளிகள்" என்று பொருள். அதன் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் தமிழிலேயே நடக்கின்றன.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

கட்டணம் கிடையாது. முழுப்பெயர் சொல்ல வேண்டாம். சாதி, மதம் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும். ஆண், பெண் யாரும் போகலாம்.

ஒருவர் "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். புதிதாக வந்தவர் பேசாமலும் இருக்கலாம். "ஆயுள் முழுவதும் தொட மாட்டேன்" என்று யாரும் சத்தியம் வாங்குவது இல்லை. "இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம்" என்பதுதான் அவர்கள் வழி.

"வெறும் பேச்சால் குடி போகுமா?" என்று கேட்கலாம். மருத்துவ ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளில் 10,565 பேர் இருந்தார்கள். முறையாக இந்தக் கூட்டங்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டவர்களில், தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் மற்ற சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் என்று கண்டார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. பல ஆண்டு தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கலாம். வலிப்பு வரலாம். புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து உண்டு. முதலில் டாக்டரைப் பாருங்கள். மாலை போடுகிறவருக்கும் இது பொருந்தும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கணவர் குடிப்பதை மனைவி மூடி மறைக்கிறாள். "காய்ச்சல்" என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்புகிறாள். வெட்கம்! ஆனால் மறைக்க மறைக்க நோய் வளர்கிறது.

வில்சனின் மனைவி லோயிஸ், குடும்பத்தாருக்காக 1951-ல் "அல்-அனான்" என்ற அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தார். கணவர் குடியை விடாவிட்டாலும் மனைவி அங்கே போகலாம். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். தன் வீட்டுத் துயரத்தை அவர் மறைக்கவில்லை. அதனால் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது.

எங்கே கூட்டம் என்று தெரியவில்லையா? அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்து ஆலோசனை பெறலாம். கட்டணம் இல்லை.

இடம் தெரிந்ததும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வாசல் வரையாவது கூடப் போங்கள். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் திட்டித் தீர்க்காதீர்கள். மறுநாள் மறுபடியும் அழைத்துப் போங்கள்.

இந்தத் தடவை அவர் மலையில் இருந்து திரும்பி மாலையைக் கழற்றும்போது, "சாமி, இன்று சாயங்காலம் நாம் ஒரு இடத்துக்குப் போகலாம்" என்று சொல்லுங்கள்.

அன்று அவருக்கு ஒரு கூட்டம் கலைகிறது. இன்னொரு கூட்டம் காத்திருக்கட்டும்!