பிச்சாவரத்துக்கும் ஒரு பங்கு
காவிரி நீர் குறையும் ஆண்டுகளில் சிதம்பரம் வட்டாரத்துக் கடைமடை வயல்களுக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும் நீரைப் பங்கிட எழுத்துபூர்வமான நெறி வேண்டும். கொள்ளிடம் ஆற்றின் கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குச் சென்று, சம்பா வயல்களுக்கும் சென்னைக் குடிநீருக்கும் பயன்படுகிறது; பிச்சாவரத்தை ஒட்டிய கொள்ளிடம் முகத்துவாரத்தை எட்டுவது பெரும்பாலும் வெள்ளக்கால உபரிதான். 2024 கோடையில் வீராணமே வறண்டது. நாற்றங்கால் காயும்போது கடலுக்கு நீர் விடுவதா என்ற உழவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால், நன்னீர் வரத்து குறைந்தால் கழிமுகத்தில் உவர்ப்பு ஏறும். அலையாத்தி மரங்களில் சுரபுன்னை தேய்ந்து, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டுமே மிஞ்சும். இறால் குஞ்சுகள் வளரும் இடம் சுருங்கும். கரையோரக் கிணறுகளும் உப்புக் கரிக்கும். அந்த இழப்பு உழவர்களையும் சேரும். காவிரி வழக்கின் 2018 தீர்ப்பு சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சி நீரை ஏற்றிருக்கிறது; 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இவை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. பற்றாக்குறைக் காலத்திலும் கீழணைக்குக் கீழே விட வேண்டிய குறைந்தபட்ச நீரின் அளவை, உழவர்களையும் மீனவர்களையும் கலந்து பேசி அரசு அறிவிக்க வேண்டும். அதை வயலின் பங்கிலிருந்து பிடுங்கக் கூடாது. வீராணத்தைத் தூர்வாரிக் கொள்ளளவை மீட்பதும், தலைநகரின் தேவைக்கு மாற்று வழி தேடுவதும் அரசின் கடமை.