பெருமாநிலத்தின் சிறுகுரல்

அமெரிக்கக் குடியரசுத் தலைவரை அந்நாட்டு மக்கள் தம் ஒப்போலையால் நேரே தேர்ந்தெடுக்கின்றனர் என்பது பரவலான எண்ணம். அஃது உண்மையன்று. அவரைத் தேர்ந்தெடுப்போர் 538 தேர்வாளர்கள். அவருள் 270 பேரைப் பெற்றவரே தலைவர். ஒவ்வொரு மாநிலமும் தன் கீழவை உறுப்பினர் தொகையோடு மேலவை உறுப்பினர் இருவரையும் கூட்டிய அளவில் தேர்வாளரைப் பெறும். அவ்வகையில் கலிபோர்னியாவுக்கு உள்ளவர் 54 பேர். வேறெம்மாநிலத்துக்கும் இத்துணைப் பேர் இலர்.

ஆயின், அவ்வெண்ணிக்கை அம்மாநில மக்களின் ஆற்றலாயிற்றா? இல்லை! மெயின், நெபிராசுக்கா என்னும் இரண்டு நீங்கலாக, எம்மாநிலத்திலும் ஓர் ஒப்போலை கூடுதலாகப் பெற்றவர்க்கே தேர்வாளர் அனைவரும் போய்ச் சேர்வர். 2016-இல் இல்லாரி கிளிண்டன் கலிபோர்னியாவில் 42 இலக்கத்துக்கும் மேலான ஒப்போலை வேறுபாட்டில் வென்றார். ஒரேயோர் ஒப்போலையால் வென்றிருப்பினும் அவர்க்குக் கிடைத்திருப்போர் அன்றைய அதே 55 தேர்வாளர்தாம். நாடு முழுவதிலும் 28 இலக்கத்துக்கும் மேல் கூடுதலாகப் பெற்றும் அவர் தோற்றார்.

ஒரு கட்சிக்கு மட்டும் நேர்ந்த கேடென்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. 2020-இல் தொனால்டு திரம்புக்கு மிகுதியான ஒப்போலைகளை அளித்த மாநிலம் எது? அவர் கட்சியின் கோட்டையெனப்படும் தெக்சாசு அன்று, கலிபோர்னியாவே! அங்கு அவர்க்கு விழுந்தவை 60 இலக்கம். கிடைத்த தேர்வாளரோ ஒருவருமிலர். எண்ணப்பட்டும் எண்ணப்படாதனவாயின அவ்வோலைகள். புளோரிடாவிலோ 2000-இல் வெறும் 537 ஒப்போலை வேறுபாடு 25 தேர்வாளரையும், அவர்வழித் தலைமைப் பொறுப்பையும் சார்சு புசுவுக்கு ஈந்துவிட்டது.

சிறுமாநிலமான வயோமிங்கில் ஏறத்தாழ 1.9 இலக்கம் மக்களுக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவிலோ 7.3 இலக்கம் பேர்க்கு ஒருவர். வேட்பாளர் கலிபோர்னியாவுக்கு வருவது பெரும்பாலும் பொருள் திரட்டவே. திரட்டிய பொருளைக் கொட்டுவது பென்சில்வேனியா போன்ற ஊசலாடும் மாநிலங்களில்.

இம்முறையின் பிறப்பும் தூயதன்று. 1787-இல் அரசமைப்பு வகுத்தோர், ஒப்போலையுரிமையே இல்லாத அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக மக்கள்தொகையிற் சேர்த்தனர். அந்நாளின் பெருமாநிலமான வர்சீனியா அதனால் கொழுத்தது. முதல் ஐந்து தலைவருள் நால்வர் வர்சீனியர். நால்வரும் அடிமைகளை உடையோர்.

நாடளாவிய ஒப்போலைகளை மிகுதியாகப் பெற்றவர்க்கே தம் தேர்வாளரை அளிப்பதெனச் சில மாநிலங்கள் செய்துகொண்ட உடன்பாட்டில் கலிபோர்னியா 2011-இல் சேர்ந்தது. சேர்ந்தவற்றின் தேர்வாளர் தொகை 270-ஐ எட்டினாலன்றி அது நடைமுறைக்கு வராது. ஊசலாடும் மாநிலங்களுள் பெரும்பாலானவை அதில் சேரவில்லை. வாயிலில் வந்து நிற்கும் வேட்பாளரை விரட்டிவிட அவற்றுக்கு உள்ளம் வருமா என்ன?