தனித்தனி ரூம்... ஒரே ஸ்டெப்! யூடியூப் வீடியோக்களை வைத்தே தனிமையைக் காட்டிய கலைஞர்

கதவைச் சாத்திட்டு, கேமராவை ஆன் பண்ணி, யாருமே இல்லாத ரூமில் ஒருவர் ஆடுகிறார். பார்க்கப்போவது யார்? அவருக்கே தெரியாது.

இன்று ரீல்ஸில் தினமும் பார்க்கும் காட்சிதான். ஆனால் இதை 2009-லேயே கையில் எடுத்தவர் அமெரிக்க வீடியோ கலைஞர் நடாலி புக்சின்.

உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார அமைப்பு 2025 ஜூனில் சொன்னது. அதைப் படித்த பிறகு புக்சின் வீடியோக்களைப் பார்த்தால் கொஞ்சம் திக்கென்று இருக்கும்.

அப்படி என்ன செய்தார்?

'மாஸ் ஆர்னமென்ட்' என்ற படைப்புக்காக அவர் புதிதாக எதையும் ஷூட் பண்ணவில்லை. மக்கள் தாங்களே யூடியூப்பில் போட்ட நடன வீடியோக்களை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார். ஒருவர் கை தூக்கினால் அடுத்த கட்டத்திலும் கை உயரும். பின்னால் கட்டில், சோபா, டிவி. 1935-ல் வந்த ஹாலிவுட் மியூசிக்கல் ஒன்றின் ஒலியும், ஹிட்லர் கட்சி மாநாட்டைக் காட்டிய பிரசாரப் படத்தின் ஒலியும் கூடவே வரும்.

தலைப்பு எங்கிருந்து வந்தது?

ஜெர்மன் எழுத்தாளர் சீக்ஃப்ரீட் க்ரகாவர் 1927-ல் எழுதிய கட்டுரையிலிருந்து. மேடையில் ஒரே மாதிரி கால் தூக்கும் 'டில்லர் கேர்ள்ஸ்' வரிசையில் அவர் தொழிற்சாலையைப் பார்த்தார். புக்சின் காட்டும் வரிசையில் மேடையும் இல்லை, முதலாளியும் இல்லை. அவரவர் வீட்டில், அவரவர் இஷ்டத்தில்தான் ஆடுகிறார்கள். ஆனாலும் ஸ்டெப் ஒண்ணுதான்! (ட்ரெண்டிங் பாட்டுக்கு ரீல் போட்டவர்களுக்கு இது புரியும்.)

வேலை போனவர்களின் கோரஸ்

இதைவிட உலுக்குவது 'டெஸ்டமென்ட்' வரிசையில் வரும் 'லெய்ட் ஆஃப்'. 2008 பொருளாதார நெருக்கடியை ஒட்டி வேலை இழந்தவர்கள், கேமரா முன் உட்கார்ந்து பேசிய வீடியோக்களின் தொகுப்பு இது. ஒருவர் ஆரம்பிக்கும் வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கிறார். சில இடங்களில் பலரும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். தனக்கு மட்டும்தான் இந்த அவமானம் என்று நினைத்துப் பேசிய ஒவ்வொருவரும், சேர்த்துக் கேட்கும்போது ஒரு கூட்டத்தின் குரலாக மாறுகிறார்கள்.

2014-ல் அமாலியா உல்மன் இன்ஸ்டாகிராமில் பல மாதம் பொய்யான வாழ்க்கையைப் பதிவிட்டு, கடைசியில் அது கலைப்படைப்பு என்று சொன்னது வேறு ரகம். அது நடிப்பு. புக்சின் வீடியோவில் இருப்பவர்கள் நடிக்கவில்லை.

சிக்கலும் அங்கேதான். வீடியோ பொதுவெளியில் இருந்தது உண்மை. ஆனால் ஆர்ட் கேலரி சுவரில் தன் முகம் வரும் என்று நினைத்தா அவர்கள் பேசினார்கள்? இன்னொன்று, கோரஸ் பாடுகிற இவர்கள் ஒருவர் பேசியதை மற்றவர் கேட்டுப் பேசவில்லை. அந்தக் கூட்டம் சேர்ந்தது புக்சினின் எடிட்டிங்கில்தான்.