கல்லெழுத்தும் கட்டற்ற கருவியும்

காவிரி பாயும் தஞ்சை நிலத்தில் தமிழன் நெல்லை மட்டும் விளைத்தானல்லன், எழுத்தையும் விளைத்தான். 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராசன் பொறிப்பித்த எழுத்துகள் ஒரு பேரரசின் கணக்கேடாகும். தளிச்சேரிப் பெண்டிர் 400 பேர் எவ்வெவ்வூரினின்று வந்தனர், எத்தெருவில் எவ்வீட்டில் குடியமர்ந்தனர் என்பதும், பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் அளக்கப்பெற்றது என்பதும் அங்குக் கல்லில் நிற்கின்றன. அவற்றைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாந் தொகுதியாக 1891 முதல் வெளியிட்டவர் செருமானிய அறிஞர் உல்சு.

கல் அழியாது என்று கருதுவது பேதைமை. திருப்பணி என்னும் பெயரால் சுண்ணம் பூசப்பெற்றும், மணல்வீச்சால் தேய்க்கப்பெற்றும், கற்கள் இடம்மாற்றி அடுக்கப்பெற்றும் மறைந்த எழுத்துகள் பல. மூலக்கல் போனபின் எஞ்சுவது அதன் மைப்படி ஒன்றே. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் பதித்து, மைப்பொதியால் ஒற்றி எடுப்பது அது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொணர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. தமிழர்க்கு அது மகிழ்வளித்த தீர்ப்பே. ஆயினும், மைசூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் தாள் தாளே. அது மடியும், நைந்து உதிரும்.

அதனைக் காக்கும் கருவி இன்று விலையின்றியே கிடைக்கின்றது. வருடியால் எடுத்த படம் புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் எழுத்தின் விளிம்பு படிக்கட்டாக உடையும். திசையன் படமோ கோடும் வளைவும் கணக்காக எழுதப்பெற்றது. கடுகளவிலும் கோபுர அளவிலும் கூர்மை குன்றாது. அதற்கென எசு.வி.சி. என்னும் பொது வடிவத்தை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001-இல் வகுத்தது. அதே ஆண்டில் பீட்டர் செலிங்கர், புள்ளிப் படத்தை வளைகோடாக மாற்றும் பொட்ரேசு என்னும் மென்பொருளை வெளியிட்டார். 2003-இல் தோன்றிய இங்க்சுகேப்பு என்னும் வரைகலை மென்பொருள் அப்பணியைத் தன்னுள்ளேயே செய்கின்றது. இரண்டும் கட்டற்றவை, எவரும் பெறலாம், பகிரலாம், திருத்தலாம்.

செய்முறை எளிது, ஆனால் கண்மூடிச் செய்தற்குரியதன்று. மைப்படியில் தாள் கருத்தும் எழுத்து வெளுத்தும் நிற்குமாதலின், முதலில் கருமை வெண்மைகளை மாற்றிக்கொள்ளல் வேண்டும். பின்னர் எவ்வளவு கருமையை எழுத்தென ஏற்பது என்னும் வரம்பைக் குறித்தல் வேண்டும். வரம்பு தவறினால் கல்லின் வெடிப்பும் எழுத்தாகும். மெல்லிய கீற்றும் மறையும். நிலவளவும் நெல்லளவும் கூறும் கல்லில் ஒரு கீற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கணக்கே பிறழும்.

அதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. சிறு புள்ளிகளை மாசெனக் கருதித் துடைத்தெறியும் அமைப்பு அக்கருவியில் இயல்பாகவே உள்ளது. சோழர் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் அருகியே காணப்பெறும். இட்ட இடமோ ஆய்வாளர்க்குப் புதையல். மேலையர் அமைத்த பொறிக்கு அது வெறும் மாசு. தமிழர்க்கோ அது எழுத்தின் உயிர்நிலை. எனவே அவ்வமைப்பை முழுமையும் நிறுத்திவிட்டு, மாசு எது, புள்ளி எது என்பதைக் கல்வெட்டறிந்த தமிழறிஞரே முடிவு செய்தல் வேண்டும். வருடிய மூலப்படம் ஓர் அடுக்கிலும், பொறி வரைந்தது மற்றோர் அடுக்கிலும், அறிஞர் திருத்தியது மூன்றாம் அடுக்கிலும் நிற்குமாயின், பின்வருவோர் ஒப்பிட்டுப் பிழை காண இயலும். பொறியின் வரைவு ஒருநாளும் மூலத்துக்கு மாற்றாகாது.

கட்டற்ற மென்பொருள் ஏன் எனின், தமிழர் பட்ட பாடே விடை. கணிப்பொறி வந்த காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியேற்றத்தில் எழுத்துரு விற்றது. ஒருவர் தட்டெழுதியது மற்றொருவர் பொறியில் குப்பையாயிற்று. 1999-இல் தாப், தாம் என்னும் குறியேற்றங்களும், 2010-இல் ஒருங்குகுறியும் அரசால் ஏற்கப்பெறும் வரை அச்சிதறல் நீடித்தது. எழுதியவன் தமிழன், திறவுகோல் வணிகன் கையில்! எசு.வி.சி. கோப்போ எவரும் திறந்து படிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியின் படத்தோடும் அதன் படிப்பையும் ஊர்ப்பெயரையும் ஒருங்குகுறித் தமிழிலேயே அதனுள் பொதிந்து வைக்கலாம்; தேடலாம்.

1981-இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கெனத் துறையே உள்ளது. பெருங்கோயிலும் அதே ஊரில் உள்ளது. கருவிக்குக் காசு வேண்டா. வேண்டுவன மூன்று: படிகளை மிகு நுண்மையில் வருடிப் பொதுவில் வைக்கும் அரசாணை; திருத்தும் அறிஞர்; வரையும் இளைஞர். ஆற்றுப்படுகைக் கல்லூரிகளின் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கோயிலின் ஒரு கல்வெட்டை ஏற்பாராயின், பிறர் கைநோக்கி நிற்கும் இழிநிலை அகலும்.

விதைநெல்லைப் பூட்டிவைத்தவன் விளைச்சல் காணான்; புழுங்க விட்டவனும் காணான். எழுத்தும் அத்தகையதே. உளி பிடித்தவன் தன் கடனை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே முடித்தான். எஞ்சிய கடன் இன்றைய தமிழனுடையது.