மறு காதைக் கைவிடுகிறோம்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு அரசுச் செலவில், காது நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை செய்வதில் தமிழ்நாடு முன்னணி மாநிலம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் புண்ணியத்தால், பேச்சே வராது என்று நினைத்திருந்த குழந்தைகள் பலர் இன்று மற்ற பிள்ளைகளோடு பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் இத்திட்டத்திலும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டத்திலும் பொதுவாகக் கருவி பொருத்தப்படுவது ஒரு காதில்தான். மறு காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது கேட்கும் வாய்ப்பை ஆண்டுக்கு ஆண்டு இழந்துகொண்டிருக்கிறது.

ஒரு காது போதாதா? ஓர் ஒலி ஒரு காதை எட்டியபின் மறு காதை எட்ட ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நுண்ணிய வித்தியாசத்தையும், தலை குறுக்கே நிற்பதால் ஒரு பக்கம் சத்தம் குறைவதையும் கொண்டுதான் மூளை திசையைக் கணிக்கிறது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கிறது. ஒற்றைக் காதில் கேட்பவருக்கு லாரியின் ஹாரன் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாது. அம்மா கூப்பிட்டால் குழந்தை ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்க்கும். பெரியவர்கள் இதற்குச் சில உபாயங்களைப் பழகிக்கொள்கிறார்கள்: பந்தியில் வரிசையின் கோடி இலை, பேருந்தில் பேச்சுத்துணையைக் கேட்கும் காதுப் பக்கம் உட்காரவைப்பது, புரியாத இடத்தில் ஒரு சிரிப்பு. நாள் முழுக்க இப்படி உன்னித்துக் கேட்பதில் வரும் அலுப்பு கொஞ்சநஞ்சமல்ல. வகுப்பறையில் இதே அலுப்புக்குக் ‘கவனக்குறைவு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இதைவிடக் கவலைக்குரியது மூளைக்குள் நடப்பது. கனடாவின் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையில் கேரன் கார்டன் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் கருவிக்கும் இரண்டாவது கருவிக்கும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இடைவெளி விழுந்தால், குழந்தையின் மூளை முதல் காதின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. பிறகு மறு காதில் கருவி வைத்தாலும் அந்தச் சாய்வு எளிதில் சரியாவதில்லை. ஜெர்மனியின் ஹானோவரில் ஆய்வாளர் ஆண்ட்ரே க்ரால், ஒரு காது பிறவியிலேயே கேளாத பூனைகளிடமும் இத்தகைய சாய்வைக் கண்டார்.

தாமதமாக இரண்டாவது கருவி பெற்றவர்களைக் கேட்டால் தெரியும். பழைய காதில் தெளிவாக ஒலிக்கும் குரல் புதுக் காதில் வெறும் கீச்சொலி. அதைப் பழக்க, தினமும் கொஞ்ச நேரம் வலுவான காதின் கருவியைக் கழற்றிவிட்டுப் புதுக் காதால் மட்டும் கேட்க வேண்டும். சிறு குழந்தையிடம் இதைச் செய்துபார்க்கும் தாய்க்குத்தான் அதன் சிரமம் புரியும்.

பணம் எங்கே என்ற கேள்வி எழும். ஒரு குழந்தைக்கு இரண்டு கருவி தருவதைவிட இரண்டு குழந்தைகளுக்கு ஆளுக்கொன்று தருவது மேல் என்ற வாதத்தை நாம் அலட்சியமாக ஒதுக்கவில்லை. ஆனால் சிகிச்சைகளின் செலவையும் பலனையும் எடைபோடும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தது. இரண்டாவது கருவிக்கு நிறுவனங்கள் தரும் தள்ளுபடியையும் சேர்த்துக் கணக்கிட்டு, குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் இரு காதிலும் பொருத்தலாம் என்று 2009-லேயே பரிந்துரைத்தது. மொத்தமாகக் கொள்முதல் செய்யும் மாநில அரசால் அப்படிப் பேரம் பேச முடியாதா?

அதுவரை கையில் இருப்பதையாவது வீணாக்க வேண்டாம். மறு காதில் கொஞ்சம் கேட்கும் திறன் எஞ்சியிருந்தால் செவித்துணைக் கருவி பெரிய உதவி. பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் பாட்டின் மெட்டையும் உணர்த்தும் தாழ்ந்த சுருதிகளை அது தருகிறது. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்ததும் அந்தச் செவித்துணைக் கருவி பல வீடுகளில் அலமாரிக்குப் போய்விடுகிறது. மேப்பிங் (கருவியின் தூண்டல் அளவைக் குழந்தைக்கு ஏற்பச் சரிசெய்வது) செய்யும்போது இம்ப்ளான்ட்டை மட்டும் சரிபார்த்து அனுப்பும் பழக்கமும் போக வேண்டும். இரு காதிலும் சத்தம் ஒரே அளவில் விழுகிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளும் ஒலியை வெளியிடுவதில் சில மில்லிநொடி முன்பின்னாக இருந்தாலே திசையறிவு குழம்பிப்போகும்.

ஆறு வயதுக்குள் சிகிச்சை என்று வரம்பு வைத்த அரசுக்குக் காலத்தின் அருமை தெரியும். அந்த அவசரம் மறு காதுக்கும் பொருந்தும். புதிதாகச் சிகிச்சை பெறும் குழந்தைகளிலிருந்தேனும் இரு காதுக்கும் கருவி வழங்குவதற்கான ஆணையைச் சுகாதாரத் துறை உடனே பிறப்பிக்க வேண்டும்.