ஓனர் வண்டி என்னும் மயக்கம்

பழைய கார் வாங்கக் கிளம்புகிறவருக்கு நம்மூரில் கிடைக்கும் முதல் அறிவுரை, “புரோக்கர், கன்சல்டிங் எதுவும் வேண்டாம், நேரா ஓனர்கிட்ட வாங்கு” என்பதுதான். சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, கிலோமீட்டர் கம்மி என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் பேரம்கூடப் பேசாமல் டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிடும். கமிஷன் மிச்சம் என்பது வாஸ்தவம். ஏமாறவே மாட்டோம் என்பது கட்டுக்கதை.

சட்டம் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்பதில்லை. பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற எழுதாத நிபந்தனை ஒன்று, 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அது அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவரைத்தான் கட்டுப்படுத்தும். சொந்தக் காரை ஒருமுறை விற்கும் வங்கி மேலாளரை அல்ல. அதற்கும் முந்தைய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, குறையைச் சொல்லாமல் வாய்மூடி இருப்பது மட்டும் பொதுவாக மோசடி ஆகாது. வண்டி லாரியில் மோதி முன்பக்கம் முழுக்க டிங்கரிங் பார்த்த கதையை நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை என்றால் அவரைப் பிடிப்பது கடினம். கேட்பதை வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதிலாவது மிஞ்சும். நாம் திட்டித் தீர்க்கும் கன்சல்டிங்காரரிடம் சட்டப்படி நமக்குப் பிடி அதிகம். 2023 ஏப்ரல் முதல் அவர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றுத்தான் தொழில் செய்ய வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. (அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

சரி, ஓனர் யோக்கியர் என்றே வைத்துக்கொள்வோம். தன் வண்டியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? சர்வீஸுக்கு விட்டது டிரைவர், எடுத்து வந்தது மைத்துனர். டாக்டர் வண்டி என்று உருகுகிறோமே, அது வீட்டிலிருந்து கிளினிக்குக்கும் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே ஓடிய வண்டியாக இருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசல் கார் என்றால், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி போதிய சூடு ஏறினால்தான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தெருவுக்குத் தெரு ஓட்டம் என்றால் அடைத்துக்கொள்ளும். ஹைவேயில் ஒரு லட்சம் ஓடிய வண்டி பல சமயம் இதைவிட மேல். கம்மி கிலோமீட்டருக்கு நாம் கூடுதல் விலை வேறு கொடுக்கிறோம்!

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நினைவில் இருக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி நிறுத்திவிடலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள்ளேயே கிடந்த பகுதியில் மண்கறை கோடாகப் படிந்திருக்கலாம். முன்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் போல்ட்டுகளின் துரு கண்ணில் படும். இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல நாம். ஆனால் கன்சல்டிங் ஷெட்டில் பானெட்டுக்குள் தலையை நுழைக்கிற அதே ஆள், ஓனர் வீட்டு ஹாலில் காபி டம்ளரோடு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பார். “இவ்வளவு நல்ல மனுஷனைச் சந்தேகப்படறதா?” மனுஷனை யார் விலை பேசினார்கள்?

காகித விஷயத்திலும் இந்தக் கூச்சம்தான். ஆர்.சி.யில் ஹெச்.பி. ஏறியிருந்தால் கடன் அடைத்ததற்கான வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் போதாது. முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் மாற்றச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தொடரும், உங்கள் வண்டி அடிபட்டால் கிளெய்ம் கிடைப்பது சந்தேகம்.

“அவசரம் என்ன, அப்புறம் பார்த்துக்கலாம் சார்” என்று ஓனர் இழுத்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவரிடம் சொல்லுங்கள்: வண்டி கைமாறிய பிறகு விபத்து நடந்தாலும், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. மறுநாள் காலையில் உங்களுக்கு முன்பே ஆர்.டி.ஓ. வாசலில் நிற்பார்.